ஃபார்மட் செய்தாலும் போகாத பாஸ்வேர்டு... உங்கள் லேப்டாப்பே உங்களை உள்ளே விடாவிட்டால்?

கறுப்புத் திரை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். அவ்ளோதான். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று கேட்கும் லிங்க் இல்லை. ஓ.டி.பி வராது. உங்கள் முதல் பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன என்றெல்லாம் விசாரிக்காது. தெரிந்தால் அடியுங்கள், தெரியாவிட்டால் மூடிவைத்துவிட்டுப் போங்கள் என்பதுபோல ஒரு கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கர்சரை நான் அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அது என் பழைய லேப்டாப். 2018-ல் இதழியல் டிப்ளமோ சேர்ந்தபோது அப்பா திருச்சியில் வாங்கிக்கொடுத்தது. வேலைக்கு வந்த பிறகு ஆபீஸ் லேப்டாப் கிடைத்துவிட்டதால், அது அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. திடீரென்று அதைத் தேட ஒரு காரணம் இருந்தது. டிப்ளமோ புராஜெக்ட்டுக்காக என் அப்பாயியை உட்காரவைத்து, அவர் கதையை இரண்டு மணி நேரம் ஆடியோவாகப் பதிவு செய்திருந்தேன். அப்பாயி 2021-ல் தவறிவிட்டார். இந்த வருடத் திவசத்துக்கு முந்தைய வாரம் அத்தை போன் செய்து, "எல்லாரும் வர்றாங்கடி. அம்மா பேசினது உன்கிட்ட இருக்குல்ல? அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டேன்" என்றார்.

இருந்தது. அந்த லேப்டாப்பில் மட்டும் இருந்தது. கிளவுடில் ஏற்றிவைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே நிறைய பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆன் செய்தால் விண்டோஸ் பாதிவரை வந்து, தன்னைத்தானே ரிப்பேர் செய்கிறேன் என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நாலைந்து முறை அதே கதை. "பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணு, ஃபைலை எடுத்துடலாம்" என்றார் ஆபீஸ் நண்பர். அதற்கான கீயை அழுத்தினேன். அப்போதுதான் அந்தப் பூட்டு வந்தது. நான்தான் அதைப் போட்டேன் என்பது நினைவிருந்தது. என்ன போட்டேன் என்பது சுத்தமாக நினைவில்லை.

உங்களுக்கு இது நடக்காது என்று நினைக்கிறீர்களா? நீங்களே பாஸ்வேர்டு போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினாலே போதும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

விண்டோஸ் எழுவதற்கு முன்னால் எழுபவர்

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் முதலில் வேலை செய்வது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் எழுதிவைக்கப்பட்ட புரொகிராம்தான் முதலில் எழுகிறது. இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். பழைய பெயர் பயாஸ். 1981-ல் வந்த ஐ.பி.எம் பி.சி-யிலேயே பயாஸ் இருந்தது. இப்போதைய மெஷின்களில் இருப்பது அதன் நவீன வடிவமான யு.இ.எஃப்.ஐ. ஆனாலும் கடைக்காரர்கள் இன்னும் 'பயாஸ்' என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் எழுந்து லைட் போட்டு, மோட்டார் போட்டு, மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்காரரான விண்டோஸை எழுப்புவார். விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது உங்கள் வீட்டுக் கதவுப் பூட்டு. ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு என்பது வாட்ச்மேனிடம் சொல்லிவைத்த ரகசியச் சொல். வீட்டுக் கதவையே பெயர்த்தெடுத்துப் புதிதாக மாட்டினாலும், கேட்டில் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அதனால்தான் ஃபார்மட் செய்தாலும் இது போகாது. ஃபார்மட் செய்தால் அழிவது டிஸ்க்கில் இருப்பவை. பாஸ்வேர்டு டிஸ்க்கில் இல்லை. முதலில் நான் போன ஒரு சர்வீஸ் கடையில், "ஃபார்மட் பண்ணிட்டா சரியாகிடும் மேடம்" என்றார் ஒருவர். நல்லவேளை, அவரிடம் லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பூட்டு அப்படியே இருந்திருக்கும். அப்பாயி போயிருப்பார்.

பயாஸ் பாஸ்வேர்டு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. எது உங்களைத் தடுக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன என்று முடிவெடுக்க முடியும்.

முதலாவது, ஆன் செய்த உடனேயே கேட்பது. இது தெரியாவிட்டால் விண்டோஸ் பக்கமே போக முடியாது. இரண்டாவது, சூப்பர்வைசர் அல்லது அட்மின் பாஸ்வேர்டு. பெரும்பாலும் பயாஸ் செட்டிங்குக்குள் நுழையும்போதோ, எதிலிருந்து பூட் ஆவது என்பதை மாற்றப்போகும்போதோதான் இது கேட்கும். அன்றாடம் விண்டோஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என்னுடையது இந்த ரகம். மூன்றாவது, ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு. இது ரொம்பப் பொல்லாதது. போடுவது பயாஸில் என்றாலும் பூட்டப்படுவது டிஸ்க். கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் அங்கேயும் கேட்கும். எதற்காகப் போடுகிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் இதன் பக்கம் போகாதீர்கள்.

தினமும் அடித்தால் மறக்காது

போன் பின் நம்பரை யாராவது மறப்போமா? ஒரு நாளைக்கு நூறு முறை அடிக்கிறோம். விரலுக்கே தெரியும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டின் சிக்கல் இதுதான். போட்ட அன்று இரண்டு முறை அடிப்போம். அதோடு சரி. அடுத்து அது தேவைப்படுவது மூன்று வருடமோ ஐந்து வருடமோ கழித்து, விண்டோஸ் படுத்துவிட்ட ஒரு நாளில், அதாவது நாம் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும்போது.

நான் போட்டது ஹாஸ்டலில். "பென்டிரைவ் போட்டு யார் வேணா உன் லேப்டாப்பை ஓபன் பண்ணலாம்" என்று சீனியர் அக்கா ஒருவர் பயமுறுத்தினார். அவர் சொன்னது தவறும் இல்லை. உடனே யு.எஸ்.பி பூட்டை ஆஃப் செய்து, பாஸ்வேர்டும் போட்டு, பெரிய சைபர் செக்யூரிட்டி நிபுணர் மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. பாஸ்வேர்டை எழுதிவைக்கக் கூடாது என்பதுதானே பாடம்?

மறந்துபோன நிலையில் முதலில் செய்ய வேண்டியது, பதறாமல் பழைய பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி வரிசையாக முயல்வது. பெரும்பாலான லேப்டாப்களில் மூன்று முறை தவறாக அடித்தால் மெஷின் நின்றுவிடும். ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி மூன்று வாய்ப்பு. தப்பாக அடிப்பதால் டிஸ்க்கில் இருப்பது அழியாது. கேப்ஸ் லாக் பாருங்கள். நம்பர் லாக்கையும் பாருங்கள். சில பழைய மாடல்களில் அது ஆனில் இருந்தால் எழுத்து கீகளே எண்களாகிவிடும். திரையில் புள்ளிதான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்று, பயாஸ் பெரும்பாலும் அமெரிக்க கீபோர்டு அமைப்பை மட்டுமே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நீங்கள் தமிழ்99 வைத்திருந்தாலும் சரி, பிரிட்டிஷ் கீபோர்டு வைத்திருந்தாலும் சரி, அங்கே அது செல்லாது.

பதினேழு பாஸ்வேர்டு அடித்துப் பார்த்தேன். அதில் இரண்டு, அப்போது பிடித்திருந்த ஒரு ஹீரோவின் பெயர். எதுவும் இல்லை.

'பேட்டரியைக் கழற்றினால் போதும்' உண்மையா?

யூடியூபில் தேடினால் முதலில் வருவது இந்த வைத்தியம்தான். மதர்போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பார்கள். இது முழுப் பொய் இல்லை. ஒரு காலத்து உண்மை.

1984-ல் வந்த ஐ.பி.எம் பி.சி ஏ.டி மாடலில், செட்டிங்குகளை சி.மாஸ் என்ற மெமரியில் சேமிக்கும் வழக்கம் வந்தது. அந்த மெமரிக்குத் தொடர்ந்து மின்சாரம் தேவை. அதற்காகத்தான் பேட்டரி. பின்னால் வந்த டெஸ்க்டாப்களில் அந்த இடத்தை 3 வோல்ட் சி.ஆர்.2032 பட்டன் செல் பிடித்தது. பாஸ்வேர்டும் அதே மெமரியில் இருந்தால், செல்லைக் கழற்றியவுடன் தேதி, நேரம், பாஸ்வேர்டு எல்லாமே காலி. இன்றைக்கும் பல டெஸ்க்டாப் போர்டுகளில் இது வேலை செய்யும். டெஸ்க்டாப் வீட்டில் இருக்கும், யாரும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள் என்பதால் பரவாயில்லை.

லேப்டாப் கதை வேறு. பஸ்ஸில் விட்டுவிடுவோம், கஃபேயில் திருடுபோகும். பேட்டரியைக் கழற்றினால் திறந்துவிடும் பூட்டு அங்கே எதற்கு? அதனால் லேப்டாப்களில், குறிப்பாகக் கம்பெனிகளுக்கென்றே தயாராகும் மாடல்களில், பாஸ்வேர்டை மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் வைத்துவிட்டார்கள். பேட்டரியை ஒரு வாரம் கழற்றிவைத்தாலும் தேதிதான் மாறும். லெனோவோவின் திங்க்பேட் கையேடுகள் இதைப் பூசி மெழுகாமல் சொல்கின்றன. சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அதை எடுக்க வழி கிடையாது, வாங்கிய ஆதாரத்தோடு வந்து காசு கொடுத்து மதர்போர்டை மாற்றிக்கொள்ள வேண்டும். டெல் போன்ற கம்பெனிகள், வாங்கியவர் நீங்கள்தான் என்று சரிபார்த்துவிட்டு, பல மாடல்களுக்குத் திறக்கும் பாஸ்வேர்டு கொடுத்து உதவியிருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும்.

மேக்புக்கிலும் இதே பரிணாமம் நடந்திருக்கிறது. 2010 வாக்கில் வந்த பழைய மேக்குகளில் ரேமின் அளவை மாற்றி, சில கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு போய்விடும். அதற்குப் பிறகு ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. இன்டெல் சிப் மேக்கில் மறந்துவிட்டால் ஒரிஜினல் பில்லோடு ஆப்பிள் ஸ்டோருக்கோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கோ நேரில் போக வேண்டும். எம்1-லிருந்து வரும் மேக்குகளில் இந்த ஃபர்ம்வேர் பாஸ்வேர்டே கிடையாது. ஐபோனில் இருப்பது போன்ற ஆக்டிவேஷன் லாக் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

இந்தப் பூட்டை உரிமையாளர்களுக்கு எதிராகவே திருப்பிய கதை ஒன்று உண்டு. 2017 செப்டம்பரில் சிலருடைய ஐகிளவுட் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்ட ஆசாமிகள், தொலைந்த மேக்கைத் தூரத்திலிருந்தே பூட்டும் வசதியைப் பயன்படுத்தி, அவர்கள் கையில் இருந்த மேக்கையே பூட்டினார்கள். திறக்க வேண்டுமானால் பிட்காயின் கொடு என்று திரையில் மெசேஜ். டூ ஃபேக்டர் ஆன் செய்திருந்தவர்களும் மாட்டினார்கள். ஏனென்றால் தொலைந்த சாதனத்தைத் தேடும் பக்கத்துக்கு அந்த இரண்டாவது கோடு தேவைப்படவில்லை. போன் தொலைந்தவரிடம் போனுக்கு வரும் கோடைக் கேட்க முடியாதே!

மெஷின் வேறு, டேட்டா வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பூட்டியிருப்பது மதர்போர்டு. உங்கள் போட்டோ, புராஜெக்ட், ரெஸ்யூமே எல்லாம் இருப்பது டிஸ்க்கில். பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தனியாகக் கழற்ற முடியும். ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டும் இல்லை, என்க்ரிப்ஷனும் இல்லை என்றால், அதை ஒரு யு.எஸ்.பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் போதும். பெரிய பென்டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்ட ஒரு அண்ணன் இதைத்தான் கேட்டார். "மேடம், உங்களுக்கு மெஷின் வேணுமா, உள்ள இருக்கிறது வேணுமா?" அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு என்று அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, கேபிள் மாட்டினார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோல்டர்கள் வந்தன. 'அப்பாயி_1' என்ற ஃபைலை கிளிக் செய்தேன். "இது ஓடுதா?" என்று அப்பாயி மைக்கைப் பார்த்துக் கேட்டது கடை முழுக்கக் கேட்டது. அண்ணன் காபி பண்ணி முடிக்கும்வரை நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆனால் இது 2018 லேப்டாப். அதில் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கவில்லை. நீங்கள் சமீபத்தில் வாங்கியிருந்தால் நிலைமை வேறாக இருக்கலாம். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்தால், பெரும்பாலான மெஷின்களில் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். அந்தச் சாவி, மதர்போர்டோடு சேர்ந்த டி.பி.எம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கும். டிஸ்க்கை வேறு மெஷினில் செருகினாலும், அதே மெஷினில் மதர்போர்டை மாற்றினாலும் 'இது நம்ம ஆள் இல்லையே' என்று 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அதாவது, பாஸ்வேர்டை மறந்து, காசு கொடுத்து மதர்போர்டை மாற்றி, ஜெயித்துவிட்டோம் என்று ஆன் செய்தால் அங்கே இன்னொரு பூட்டு நிற்கும்.

இதற்கு வழி எளிது, பிரச்னை வருவதற்கு முன் செய்தால். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதிக்குப் போனால் ரெக்கவரி கீ இருக்கும். இதைப் படிக்கும் போனிலேயே பார்த்துவிடலாம். இருந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப்பிலேயே நோட்பேடில் சேமித்து வைக்காதீர்கள். காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். டி2 சிப் இருக்கும் 2018 முதல் 2020 வரையிலான இன்டெல் மேக்கிலும், எம் வரிசை மேக்கிலும் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்கும் பேச்சே இல்லை. அங்கே பேக்கப் ஒன்றுதான் கதி.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா?

கல்லூரி முதல் வருடம், பட்ஜெட் கம்மி, யாரோ சொன்னார்கள் என்று பழைய திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் வாங்கப் போவீர்கள். நல்ல முடிவுதான். அடிபட்டாலும் தாங்கும் மெஷின்கள். ஆனால், இவற்றில் பெரும்பகுதி ஐ.டி கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திவிட்டு லாட்டாக விற்றவை. கம்பெனியின் ஐ.டி டீம் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருக்கும். விற்கும்போது எடுக்க மறந்திருப்பார்கள். விற்ற கடைக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம். விண்டோஸ் நன்றாக ஓடுவதால் உங்களுக்கும் தெரியாது. எட்டு மாதம் கழித்து லினக்ஸ் போடலாம் என்று பென்டிரைவ் செருகும்போதுதான் வாட்ச்மேன் கையை நீட்டுவார். யாரோ ஒருவர் போட்டு, யாரோ ஒருவர் மறந்த பாஸ்வேர்டுக்கு நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் என்றால் ஐ.எம்.இ.ஐ நம்பரை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிடலாம். லேப்டாப்புக்கு அப்படி ஒன்று இல்லை. கடையில் நின்று நீங்களேதான் பார்க்க வேண்டும். காசை எடுப்பதற்கு முன்னால், லேப்டாப்பை முழுவதும் ஆஃப் செய்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும்போதே டெல், ஏசரில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, ஹெச்.பி-யில் எஃப்10 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், "அதை எடுத்துட்டுக் கொடுங்க அண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். கேட்காமல் உள்ளே விட்டாலும் நம்பிவிடாதீர்கள். பூட் ஆகும் வரிசையை மாற்றி, சேவ் செய்து பாருங்கள். எல்லாம் மங்கலாகத் தெரிந்து எதையும் மாற்ற முடியவில்லை என்றால், பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாஸ்வேர்டு உள்ளே இருக்கிறது.

அதே செட்டிங்கில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற பெயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. கனடாவில் தொடங்கிய அப்சல்யூட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் திருட்டுக் கண்காணிப்பு அது. ஃபர்ம்வேரிலேயே உட்கார்ந்திருப்பதால், டிஸ்க்கை மாற்றி விண்டோஸ் போட்டாலும் தன்னை மறுபடி நிறுவிக்கொள்ளும். ஆக்டிவேட் ஆன நிலையில் இருந்தால், பழைய கம்பெனி நினைத்தால் உங்கள் லேப்டாப்பைப் பூட்டிவிட முடியும். விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதல் செட்டப் திரை வரை வரச் சொல்லுங்கள். அங்கே ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு ஆபீஸ் மெயில் ஐ.டி கேட்டால், அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனிக் கணக்கில்தான் இருக்கிறது. பழைய இன்டெல் மேக் என்றால் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு ஆன் செய்யுங்கள், பூட்டுப் படம் வருகிறதா என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் செய்ய விடாமல், "நம்பிக்கையா வாங்கிட்டுப் போங்க தம்பி" என்று சொல்லும் கடையிலிருந்து நம்பிக்கையாக வெளியே வந்துவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டேன், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கிறது, என்ன செய்வது என்றால், உயிர் போகும் பிரச்னை இல்லை. டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி விண்டோஸ் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து மாட்டி ஓட்டுபவர்கள் நிறைய பேர். செட்டிங் மாற்ற முடியாது, அவ்வளவே. சிப்பையே ரீபுரொகிராம் செய்து பாஸ்வேர்டை எடுத்துத் தரும் டெக்னீஷியன்களும் உண்டு. கை தவறினால் மதர்போர்டு காலி என்பதால் பழகிய கையாக இருக்க வேண்டும். நான் விசாரித்த இரண்டு கடைகளில் ஒருவர், "பில் இருக்கா? இல்லாட்டி தொட மாட்டேன்" என்றார். இன்னொருவர் எதுவுமே கேட்காமல் ரேட்டைச் சொன்னார். இரண்டாமவர்தான் வசதி என்று அந்த நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால், என்னிடம் பில் கேட்காதவர், நாளை என் லேப்டாப்பைத் திருடிக்கொண்டு வருபவனிடமும் கேட்கப்போவதில்லை.

அந்தப் பில் எங்கே?

டேட்டா கிடைத்துவிட்டது. மெஷின் இன்னும் பூட்டித்தான் கிடந்தது. அப்பா வாங்கிக்கொடுத்ததைக் கழித்துக்கட்ட மனம் வரவில்லை. கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். உதவ முடியும், ஆனால் வாங்கிய பில் வேண்டும் என்றார்கள். மதர்போர்டை மாற்றுவதாக இருந்தால் ஆகும் செலவையும் சொன்னார்கள். அந்த லேப்டாப்பை இன்று விற்றால்கூட அவ்வளவு வராது.

அப்பா எந்தப் பில்லையும் தூக்கிப்போட மாட்டார். பீரோவைக் குடைந்து எடுத்துக்கொடுத்தார். வெள்ளைத் தாள். நிஜமாகவே வெள்ளைத் தாள். தெர்மல் பேப்பரில் அடித்த பில், ஏழு வருடத்தில் எழுத்தெல்லாம் மறைந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கடைப்பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. ஏ.டி.எம் சீட்டு வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சமாச்சாரம்தான். உங்கள் வீட்டில் மிக்ஸி பில், ஃப்ரிட்ஜ் பில் எல்லாம் இந்த நிமிடம் இப்படித்தான் வெளுத்துக்கொண்டிருக்கின்றன. வாங்கிய அன்றே போனில் ஒரு போட்டோ எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொண்டால் போதும்.

கைகொடுத்தது ஜி.எஸ்.டி. யாரும் அதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் எனக்கு உதவியது. பதிவுபெற்ற வியாபாரிகள், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளையும் ரசீதுகளையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2018-ல் வாங்கியதும் அப்போது அந்தக் கணக்குக்குள்தான் வந்தது. அப்பா திருச்சிக் கடைக்கே நேரில் போனார். மாதமும் அப்பாவின் போன் நம்பரும் போதுமாக இருந்தது. "ஏன் சார், வாரண்டி எப்பவோ முடிஞ்சிருக்குமே" என்று சிரித்துக்கொண்டே கடைப்பையன் டூப்ளிகேட் எடுத்துக்கொடுத்தாராம். அதில் லேப்டாப்பின் சீரியல் நம்பரும் இருந்தது. அதுதான் முக்கியம். சீரியல் நம்பர் இல்லாத பில், ஏதோ ஒரு லேப்டாப்பின் பில். வாங்கும்போதே சீரியல் நம்பரைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பில் அப்பாவின் பெயரில் இருந்ததால், அவருடைய அடையாள அட்டையும் கேட்டார்கள். ஒரு வாரம் போன், மெயில், மறுபடி போன். கடைசியில் என் மாடலுக்குத் திறக்கும் வழி இருந்தது, திறந்துகொடுத்தார்கள். இல்லாத மாடலாக இருந்தால் மதர்போர்டுதான் என்று சொல்லியிருப்பார்கள், நானும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டிருப்பேன்.

உள்ளே போனதும் பாஸ்வேர்டையே எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஹாஸ்டல் அக்கா சொன்னது இன்றைக்கும் சரிதானே. புதிதாக ஒன்று போட்டேன். இந்த முறை பால்பாயின்ட் பேனாவில் ஒரு தாளில் எழுதி, அதை டூப்ளிகேட் பில்லின் ஜெராக்ஸோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி அப்பாவிடம் கொடுத்தேன். மேலே என்ன எழுத என்று கேட்டார். 'அப்பாயி லேப்டாப்' என்றேன். பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு மேலே இப்போது அது இருக்கிறது.